நான் சுமந்த தொட்டிகள்

எங்கள் மாப்பிள்ளை போலீஸ்காரர். பெரிய பதவி ஒன்றும் இல்லை, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு ஸ்டேஷனில் சாதாரணக் காவலர். டூட்டியில் டீ குடித்தால்கூடக் காசை வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். பெண் பார்க்க வந்தபோது, "சீர்செனத்தி எதுவும் வேண்டாங்க, கல்யாணத்த மட்டும் மலைக்கோயில்ல வச்சுக்கலாம்" என்று கேட்டார். நான் லீவில் ஊருக்குப் போய் வீட்டுக்குள் நுழைந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். "உக்காருங்க மாப்பிள்ள" என்று இரண்டு தடவை சொன்னால்தான் உட்காருவார். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, ஓமனில் அடுத்தவர்களுக்குச் சோறு வடித்துப் போட்டே தலை நரைத்த எனக்கு அது பெரிய சொத்து. அந்தச் சொத்துக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும்.

சோஹாரில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி எடுத்திருக்கும் வில்லாவில் எனக்குச் சமையல் வேலை. சைட்டுக்குப் போகிற ஆபீஸ் ஆட்கள் மாடியில் தங்கியிருப்பார்கள். கீழே சமையலறை, அதை ஒட்டி என் அறை, அதற்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு ஸ்டோர் ரூம். பின்பக்கம் உயரமான மதிலுக்குள் ஒரு முற்றம். சமையலறை மூலையில் ஒரு பலகை அடித்து முருகன் படம் வைத்திருக்கிறேன். குளித்துத் திருநீறு பூசி, விளக்கேற்றி ஒரு பூ வைக்காமல் அடுப்பைத் தொட மாட்டேன். கடையில் வாங்கும் பூ எனக்கு ஒப்பாது. அதனால் காலி பெயிண்ட் வாளிகளில் மண் நிரப்பித் துளசி, மல்லிகை, நந்தியாவட்டை வளர்த்தேன். கோடையில் முற்றத்தில் வைத்தால் வெந்துவிடும். பகலில் வாளிகளை உள்ளே இழுப்பேன், பொழுது சாய்ந்ததும் வெளியே வைப்பேன். வில்லாவின் சொந்தக்காரர், நாங்கள் அர்பாப் என்று கூப்பிடும் ஓமானியப் பெரியவர், வரும்போதெல்லாம் என் மல்லிகையில் ஒன்றைப் பறித்து முகர்ந்துவிட்டுப் போவார். என்னைப் பற்றி அவர் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். "யே ஆத்மி பூஜா வாலா ஹை. அச்சா ஆத்மி." பூஜை செய்கிறவன், நல்ல மனுஷன் என்று அர்த்தம்.

மாடியில் ஓர் இன்ஜினியர் தம்பி இருந்தார். மதுரைப் பக்கம். இங்கிலீஷும் அரபியும் சரளமாகப் பேசுவார், ஆனால் என்னிடம் ஒருநாளும் அதிகாரமாகப் பேசியதில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிற ஒரே ஆள் அவர்தான். குளிர் காலம் தொடங்கிய சமயம், ஒருநாள் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, உங்க கையில செடி நல்லா வருதுல்ல. ஒரு உதவி செய்வீங்களா?"

"என்ன தம்பி, சொல்லுங்க."

"ஒரு மூலிகைச் செடி வச்சிருக்கேன். அம்மாவுக்கு மூட்டு வலி, அதுக்காக. இம்புட்டு நாளா ரூம்லயே லைட்டு போட்டு வளத்தேன். இப்பப் பூ விட ஆரம்பிச்சிருச்சு. வெயில் பட்டா நல்லா வரும். ஆனா ராத்திரி வெளிச்சமே படக்கூடாதுண்ணே. பட்டா பூ கெட்டுப் போயிரும். முற்றத்துல தெரு லைட்டு அடிக்குது. நான் இருட்டோட சைட்டுக்குப் போனா இருட்டித்தான் வர்றேன்."

"காலையில வெளிய வைக்கணும், சாயங்காலம் ஸ்டோர் ரூம்ல வைக்கணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். ஆனா போட்டோ மட்டும் எடுக்காதீங்க. கண்ணு படும்னு அம்மா பயப்படும்."

எனக்கு இதில் எதுவும் வினோதமாகத் தோன்றவில்லை. காரணம் உண்டு. இங்கே வருவதற்கு முன்னால் நான் சாமந்தித் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவன். எங்கள் பக்கம் சாமந்தி வயலில் ராத்திரி முழுக்க வரிசையாகக் குண்டு பல்பு எரியும். வெளிச்சம் இருக்கிறவரை சாமந்தி பூக்காது, இலையாகவே வளரும். பண்டிகைக்கு இத்தனை நாள் முன்னால் என்று கணக்குப் பார்த்து விளக்கை அணைப்பார்கள், அப்புறம்தான் மொட்டு வரும். இருட்டில் பூக்கிற செடி என்று தம்பி சொன்னதும், தெரிந்த சங்கதி என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இலையைப் பார்த்தேன். புளிச்சகீரை மாதிரி விரல் விரலாக இருந்தது. கஞ்சாவை நான் பொட்டலமாகக் கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, செடியாகப் பார்த்ததில்லை.

மொத்தம் மூன்று தொட்டிகள். சொன்னதற்கு மேலேயே செய்தேன். விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்ததை ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலை கருகிவிடும் என்று தெரியும். அதனால் முதல் சில நாள் கொடிக்கயிற்றில் என் பழைய வேட்டியைக் கட்டி நிழல் போட்டேன். பிறகு காலை வெயிலுக்கு மட்டும் வேட்டியை விலக்கினேன். அப்புறம் முழு நாளும் வெயிலில் விட்டேன். மண்புழுதிக் காற்று அடித்த நாள்களில் வெளியே எடுக்கவே இல்லை. மாலையில் மக்ரிப் பாங்கு கேட்டதும் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைப்பேன். கதவடியில் வெளிச்சம் வருகிறது என்று சாக்கைச் சுருட்டி அடைத்தேன். தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க சயின்டிஸ்ட்டுண்ணே" என்றார். அன்றைக்கு ராத்திரி ஊருக்குப் போன் பண்ணி என் வீட்டுக்காரியிடம் அதைச் சொன்னேன்.

அவள் வேறு மாதிரி கேட்டாள். "ஏங்க, அந்தம்மாவுக்கு மருந்துன்னா ஊர்லயே வளத்துக்கலாமில்ல? அங்க எதுக்கு?"

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். படிச்ச புள்ள, காரணம் இல்லாமலா செய்வான்?"

அப்புறம் நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன்.

பூ பெரிதாகப் பெரிதாக ஒரு வாடை வந்தது. முதலில் எலுமிச்சை இலையைக் கசக்கின மாதிரி இருந்தது. போகப் போக என்னவென்று சொல்ல முடியாத ஒரு காட்டு வாடை. மாடியில் இருந்த ஒருவர், "என்ன குக், எலி செத்துப் போச்சா?" என்று கேட்டார். தம்பி என்னிடம் வந்து, "அண்ணே, சாமிக்குப் போடுற சாம்பிராணிய ஸ்டோர் ரூம்லயும் கொஞ்சம் காட்டிருங்களேன்" என்றார். காட்டினேன். காலையும் மாலையும் முருகனுக்குக் காட்டிய கையோடு அந்தத் தொட்டிகளுக்கும் காட்டினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அர்பாப் ஒருநாள் முற்றத்துக்கு வந்தார். தொட்டிகளின் பக்கத்திலேயே நின்றார். ஓர் இலையை விரலால் நீவிப் பார்த்தார்.

"யே கியா ஹை?"

"தவா, அர்பாப். தம்பி கா அம்மா கே லியே. தவா." தம்பியின் அம்மாவுக்கு மருந்து என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"ஜைன், ஜைன்" என்றார், நல்லது என்று. என் தோளைத் தட்டிவிட்டு, வழக்கம்போல மல்லிகை ஒன்றைப் பறித்துக்கொண்டு போனார். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் இன்னொரு கேள்வி கேட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். எந்தச் செடி புதிதாகப் பூத்தாலும் முதல் பூ சாமிக்குத்தான். அடுத்தவர் செடியானாலும் நான் வளர்த்தால் அப்படித்தான். இந்தச் செடியின் பூ பூ மாதிரியே இல்லை. பச்சையும் பழுப்பு மயிருமாகக் கொத்தாகத் திரண்டு, தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. இருந்தாலும் பூ பூதானே. மருந்துச் செடி என்றால் இன்னும் விசேஷம், அந்தத் தாயின் வலி தீரட்டும் என்று வேண்டிக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நுனியில் ஒரு கொத்தை இரண்டு இலையோடு கிள்ளி முருகன் பாதத்தில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை லீவு. பூஜை முடிந்ததும் ஊருக்கு வீடியோ கால் போட்டு, கற்பூரம் காட்டுவதை எல்லோரும் பார்ப்பது வழக்கம். அன்றைக்கு என் மகளும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரி போனைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். போட்டோ எடுக்காதீர்கள் என்று தம்பி சொன்னது ஞாபகம் இருந்தது. சாமிக்கு முன்னால் என்ன கண் படப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"பாருங்க, புதுப் பூ. நான் வளத்தது" என்று போனைப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

மகள் சிரித்தாள். "என்னப்பா இது, கம்பு கதிரு மாதிரி இருக்கு!"

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "மாமா, இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டுங்க" என்றார். காட்டினேன். "இலையக் காட்டுங்க." அதையும் காட்டினேன். அந்தப் பக்கம் போனை அவர் கையில் எடுத்தது தெரிந்தது. சுவர் ஆடியது, கதவு தெரிந்தது, வேப்பமரம் தெரிந்தது. வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டார்.

"மாமா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்லைங்க மாப்பிள்ள. ஏன்?"

"இது யாரு செடி?"

சொன்னேன். ஸ்டோர் ரூம், சாக்கு, சாம்பிராணி, எல்லாவற்றையும் ஒரு பெருமையோடு சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் முகம் போகப் போக ஸ்டேஷனில் இருக்கும்போது எப்படி இருக்குமோ அப்படி ஆனது.

"மாமா, அது கஞ்சா."

நான் முருகன் பாதத்தில் இருந்த கொத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க இருக்கிற ஊர்ல இதுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா? மொத ஆளா உங்களத்தான் தூக்குவாங்க. தொட்டி எல்லாத்துலயும் உங்க கைதான் பட்டிருக்கு."

"எனக்குத் தெரியாதுங்க மாப்பிள்ள. முருகன் மேல ஆணையா தெரியாது."

"சரி மாமா" என்றார். நம்புகிறேன் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். "சரி மாமா. மொதல்ல அதைச் சாமி படத்துல இருந்து எடுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எடுத்தேன். படத்தின் கண்ணாடியில் பிசுக்கு ஒட்டியிருந்தது. துணியால் துடைத்தும் சரியாகப் போகவில்லை.

மாடிக்குப் போய்த் தம்பியை எழுப்பினேன். லீவு நாள், போர்வைக்குள் இருந்தார். கையில் இருந்த கொத்தைக் காட்டினேன். முதலில் அவர் கேட்டது, "ஐயோ அண்ணே, அத ஏன் பறிச்சீங்க?" என்றுதான்.

"இது என்ன செடி?"

"அண்ணே..."

"என்ன செடின்னு உங்க வாயால சொல்லுங்க."

எழுந்து கதவைச் சாத்தினார். "அண்ணே, சத்தம் போடாதீங்க. விக்கிறதுக்கு இல்லண்ணே. சத்தியமா எனக்கு மட்டும்தான். ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது. இன்னும் ஒரு பத்து நாள் பொறுத்துக்கங்க, காஞ்சதும் எடுத்துர்றேன்."

"அம்மாவுக்கு மூட்டு வலி?"

அவர் போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"எங்கிட்ட ஏன் குடுத்தீங்க? இந்த வில்லாவுல வேற ஆளே இல்லையா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்க திருநீறு பூசிக்கிட்டு வெளிய நின்னா யாரு அண்ணே சந்தேகப்படுவா?"

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதனால்தான் எனக்கு அப்படி வலித்தது. என் கை ராசி என்று நினைத்திருந்தேன். என் நெற்றியைத்தான் அவர் மறைப்பாக வைத்திருந்தார், அந்தச் சாக்கு மாதிரி.

மதியம் ஜும்ஆ தொழுகை நேரத்தில் தெரு ஓய்ந்திருந்தது. நான் வளர்த்த செடிகளை நானே பிடுங்கினேன். அவற்றை என்ன செய்தேன் என்பதை எழுத மாட்டேன். தம்பி சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். செடிக்காக அழுகிறாரா, பயத்தில் அழுகிறாரா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட் தட்டப்பட்டது. அர்பாப். பள்ளிவாசலில் இருந்து நேராக வந்திருக்கிறார். கையில் மூடி போட்ட தட்டு. வீட்டில் ஆடு அறுத்ததாகவும் எனக்குக் கறி ஆகாது என்று தெரிந்து அல்வாவும் பேரீச்சையும் மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொன்னதாகவும் சொன்னார். கேட் வழியாக என் முற்றத்தை எட்டிப் பார்த்து, "தவா கிதர்?" என்று கேட்டார், மருந்துச் செடி எங்கே என்று.

"கலாஸ், அர்பாப்" என்றேன். "மர் கயா." முடிந்தது, செத்துவிட்டது என்று.

"ஓ" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். முன்பு மருந்து என்று அவரிடம் சொன்னது தெரியாமல் சொன்னது, அதைப் பொய் என்று சொல்ல முடியாது. இதைத் தெரிந்தே சொன்னேன். தட்டை வாங்கினேன். சாப்பிட முடியவில்லை.

ராத்திரி மாப்பிள்ளையே போன் பண்ணினார். "அந்த ஆளப் புடிச்சுக் குடுத்துருங்க மாமா. அதுதான் சரி."

அதுதான் சரி என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் அந்த ஊர் போலீஸ் முன்னால் போய் நின்றால் நான் என்ன பாஷையில் என்ன சொல்வேன்? தம்பி அரபியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வளர்த்தவன் நான், சுமந்தவன் நான், சாம்பிராணி போட்டவன் நான். ஒரு வாரம் யோசித்தேன். ஒரு வாரமும் மாப்பிள்ளையின் போனை எடுக்கவில்லை. அதற்குள் தம்பி விசாவை ரத்து செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார். போகும்போது என் காலைத் தொட்டார். சின்ன வயது, பிழைத்துப் போகட்டும் என்று விட்டேன் என வீட்டுக்காரியிடம் சொன்னேன். "நல்லதுங்க" என்றாள். அவளுக்கு நான் பயந்தது தெரியும். கருணை என்ற பெயர் அதற்குப் பொருந்தாது என்றும் தெரியும். சொல்லிக் காட்டவில்லை.

அந்தச் சித்திரையில் லீவில் போனேன். பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு மகளும் மாப்பிள்ளையும், பேத்தியை என் வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மாப்பிள்ளை பெட்டியை வாங்கிக்கொண்டார். "வாங்க மாமா" என்றார். மரியாதையில் குறை இல்லை. மகள் முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே வந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அவரும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரியும் சொல்லவில்லை. நடுவில் அவள் அசந்து தூங்கிப்போனாள். கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி அவர் மெதுவாகச் சொன்னார்.

"அந்த விஷயம் என்ன ஆச்சுன்னு நான் கேக்கல மாமா. நீங்களும் சொல்லாதீங்க. சொன்னா நான் போலீஸ்காரன்."

"சரிங்க மாப்பிள்ள."

ஓசூர் எல்லையில் செக்போஸ்ட்டில் வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்ற ஏட்டு குனிந்து பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "அட, நம்ம தம்பியா! பின்னாடி யாரு?"

"மாமனாருண்ணே. மஸ்கட்ல இருந்து வர்றாரு."

"மாமனாரா? போப்பா, போ போ. வழிய அடைக்காத."

கார் நகரவில்லை. மாப்பிள்ளையின் கை கியர் மேலேயே இருந்தது. பின்பக்கம் கேட்கிற அளவுக்கு ஒரு மூச்சு விட்டார்.

"இல்லண்ணே. பெட்டியப் பாத்துருங்க. எல்லாரையும் பாக்குற மாதிரியே பாத்துருங்க."

சத்தத்தில் மகள் விழித்துக்கொண்டாள். "என்ன சொன்னீங்க? எங்க அப்பா பெட்டியவா? உங்களுக்கு என்ன பைத்தியமா?"

அவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். ஏட்டுக்கும் சங்கடம். "எதுக்குப்பா, பெரியவரப் போயி..." என்று இழுத்தார். நான் கதவைத் திறந்து இறங்கினேன். டிக்கியைத் திறந்து, பெட்டியை நானே வெளியே எடுத்துத் தரையில் வைத்து, ஜிப்பை இழுத்தேன். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். பேத்திக்கு வாங்கிய கவுன், பேரீச்சை, வீட்டுக்காரிக்குத் தைலம், பால் பவுடர் டின், என் உடுப்புகள். ஒவ்வொன்றாக எடுத்து மூடிமேல் வைத்தேன். டின்னைத் திறந்தே காட்டினேன். "போதும் ஐயா, போதும்" என்றார் ஏட்டு. அவர் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை திருப்பிக்கொள்ளவில்லை. என் பக்கத்தில் நின்று கடைசித் துணி வரை பார்த்தார்.

மகள் காரில் இருந்து இறங்கி வந்து அழ ஆரம்பித்தாள். "ஏன்பா நீங்களாச்சும் கேக்கக் கூடாதா? இப்படியா நிப்பீங்க?"

"அவர் செஞ்சது சரிம்மா" என்றேன்.

"எது சரி? என்ன சரி?"

துணிகளை மடிக்கக் குனிந்தேன். மாப்பிள்ளையும் எனக்கு எதிரே அந்தத் தார் ரோட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, பேத்தியின் கவுனை எடுத்துக் கசங்காமல் மடித்து உள்ளே வைத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பெட்டியை அடுக்கி முடித்தோம்.